ஒரே பக்கத்தில் அடங்காத வரி

மார்ச் 5, வியாழன்

வசந்த காலச் சுற்றறிக்கை பக்கத்தைத் தாண்டி ஏழு வரி வழிகிறது. தலைமையாசிரியையின் சட்டம் ஊரறிந்தது: எதுவானாலும் ஒரே பக்கம். “ரெண்டாம் பக்கத்தை எந்தப் பெத்தவங்க திருப்பிப் பாக்குறாங்க?” என்பார். முதல் பக்கத்தை மட்டும் விழுந்து விழுந்து படிக்கிறார்களாக்கும்!

பதினோரு வருடமாக இந்தத் தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் நான்தான் இதைத் தயாரிக்கிறேன். போன வருடத்து அறிக்கையை எடுப்பேன், தேதிகளை மாற்றுவேன், புதியதைச் சேர்ப்பேன், பழையதை வெட்டுவேன். இந்த முறை சேர்க்க வேண்டியவை நிறைய. யாரும் கேட்டு வராத ஸ்வெட்டர்கள் முப்பத்தொன்று கிடக்கின்றன. கண் பரிசோதனை. வாசலை அடைத்து வண்டி நிறுத்தாதீர்கள். வகுப்பு விருந்து இருபதாம் தேதி, திறந்த வெளியில்.

எனவே வெட்டியவை: நகம், பேன், பிறந்தநாள் பலூன் பற்றிய வரிகள், அப்புறம் கடலை கலந்த பண்டம் எதையும் வகுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்ற இரண்டு வரி. எல்லாம் மூன்று வருடமாகப் போகிறவை. பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைத் தேடாமலேயே கையெழுத்துப் போட்டார்.

பக்கம் கச்சிதமாக வந்தது. எனக்கே ஒரு பெருமை.

மார்ச் 9, திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் பைகளுக்குள் போயின. பாதி இந்நேரம் பைக்கு அடியில் வாழைப்பழத்தோடு நசுங்கியிருக்கும்.

மூன்று மணிக்கே ஒரு போன். வேறு யார், கேள்விக்காரம்மா! ஜனவரியில் புதிதாக வந்து இரண்டாம் வகுப்பில் மகளைச் சேர்த்தவர். அவருக்கு நான் வைத்த பெயர் அது. ஸ்வெட்டரில் பெயரை நூலால் தைக்க வேண்டுமா, மையால் எழுதினால் போதுமா? தொப்பி எந்த நிறமும் இருக்கலாமா? விருந்துக்கு வீட்டில் செய்த பிஸ்கட் அனுப்பலாமா?

“தாராளமா அனுப்புங்க,” என்றேன். போனை வைத்துவிட்டு, இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் அவரைப்போலவே பேசிக் காட்டினேன். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்வெட்டர்கள் முப்பத்தொன்றில் போனது இரண்டு.

மார்ச் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றேகால். டீச்சர் மைதானத்திலிருந்து கத்துகிறார். என் பெயர் இல்லை, “ஊசி! ஊசி!” என்று. இரண்டாம் வகுப்பு ஓட்டைப்பல்லுக்குத்தான். முன்பல் இரண்டும் விழுந்து, அதையே எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிவாளே, அவள். கடலை அவளுக்கு ஆகாது. அவளுக்கான அவசர ஊசி அலுவலக அலமாரியில், சாவி என்னிடம். நர்ஸ் வெள்ளிக்கிழமை வருவதில்லை. ஓடினேன். செருப்பு ஒன்று எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

உதடு வீங்கிப்போய், மூச்சு இழுத்து, அந்தக் குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியை நீட்டினேன், டீச்சர் எப்படிப் போடுவதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானே வாங்கித் தொடையில் ஊசியை அழுத்தினேன், சொல்லிக்கொடுத்தபடி பத்து எண்ணினேன். ஏழு எண்ணும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு கொஞ்சம் சீரானது.

“என்ன சாப்பிட்டா?” என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். மேசையில் நீல மூடி போட்ட டப்பா. உள்ளே நட்சத்திர பிஸ்கட்டுகள். பொடித்த கடலை மாவோடு சேர்ந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. டப்பாமேல் அழகாக, நூலால் தைத்த துணியில், கேள்விக்காரம்மாவின் மகள் பெயர்.

டப்பாவை அலுவலகத்துக்கு எடுத்துவந்து அலமாரி மேல் வைத்தேன்.

அந்த இரண்டு வரி.

மார்ச் 21, சனி

ஓட்டைப்பல் கண் விழித்து ஐஸ்கிரீம் கேட்டாளாம். அவளுடைய அப்பா போன் செய்தார். “நீங்க மட்டும் ஓடி வரலைன்னா எங்க பொண்ணு எங்களுக்கு இல்லைங்க,” என்று அழுதார். நானும் அழுதேன். அவர் ஒன்று நினைத்திருப்பார், நான் அழுதது வேறு ஒன்றுக்கு.

மார்ச் 23, திங்கள்

இன்று நான் செய்ததை எழுதாமல் விட்டால் இந்த நோட்டை அடுப்பில்தான் போட வேண்டும்.

கேள்விக்காரம்மாவைத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். வாசலில் நின்ற தாய்மார்கள் விலகி வழிவிட்டார்கள், மரியாதைக்காக இல்லை. ஓட்டைப்பல்லின் அப்பாவும் உள்ளே இருந்தார். குறிப்பெடுக்க நான்.

“கடலை கொண்டுவரக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாதுங்க. மத்தவங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்குறப்ப ஒரு மீட்டிங்ல சொன்னாங்களாமே, நான் அப்ப இல்ல. நோட்டீஸ்லயும் இல்லங்க.”

“வருஷா வருஷம் போடுறோம்மா!” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “போட்டோமில்ல?”

எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மூச்சு நேரம்.

“எப்பவும் போடுவோம் மேடம்,” என்றேன்.

பொய்யா? எப்பவும் போடுவோம்தானே. நாக்கு எப்படி அந்த வார்த்தையை அவ்வளவு சுத்தமாகத் தேடி எடுத்தது? அந்தம்மா என்னைப் பார்த்தார். கோபமில்லை. தன்மேலேயே சந்தேகம் வந்த முகம். “அப்ப நான்தான் சரியாப் பாக்கலையோ,” என்றார். ஓட்டைப்பல்லின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அந்தத் தாள் இருக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர், எடுத்துப் பார்த்தால் போதும், நான் காலி. ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அதில் அந்த வரி இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீச்சருக்குக்கூட. “நானே படிச்சேனே,” என்றார்.

கோப்பிலிருந்த பிரதியை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திருடியைப்போல. போலென்ன, திருடிதான்.

மார்ச் 25, புதன்

ஓட்டைப்பல்லின் அப்பா ஒரு கொத்து வெள்ளைப் பூ கொண்டுவந்தார். ஜாடியை நீல டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று, வேறு இடமில்லை.

மார்ச் 26, வியாழன்

இடைவேளையில் கேள்விக்காரம்மாவின் மகள் தனியாகக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதென்று மூன்று வீட்டில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். ஏழு வயது. நூற்றுப் பதினான்கு வரை எண்ணினாள். நான் ஜன்னலை மூடினேன்.

மார்ச் 27, வெள்ளி

பத்து மணிக்கு அந்தம்மா வந்தார். மகளை வேறு பள்ளிக்கு மாற்றும் விண்ணப்பம், நிரப்பி, கையெழுத்தோடு. தேதி மட்டும் போடவில்லை.

“இன்னொரு உதவி செய்வீங்களா மேடம்?” என்று பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே என் சுற்றறிக்கை. மடிப்பே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். தொப்பி, டிக். ஸ்வெட்டரில் பெயர், டிக். கண் பரிசோதனை, டிக்.

“நாலு நாளா பாக்குறேன். எனக்குக் கண்ணுல படவே மாட்டேங்குது. அந்த வரி எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன். எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு, எம்பொண்ணு கேக்குறா. எப்படி விட்டேன்னு அவங்களுக்கு நான் சொல்லணும்.”

பதினோரு வருடம். யாராவது ஒருவர் முழுசாகப் படிக்க மாட்டாரா என்று நான் புலம்பாத நாள் உண்டா? படித்தவர் எதிரே நிற்கிறார். அவருக்குத்தான் நான் பட்டப்பெயர் வைத்தேன்.

“உங்க கண்ணுல தப்பில்லைங்க,” என்றேன். “அந்த வரி அதுல இல்ல. பக்கம் பத்தலைன்னு நான்தான் வெட்டினேன்.”

அவர் பென்சில் டிக்குகளின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினார். ஜெராக்ஸ் மெஷின் எதையோ துப்பிக்கொண்டே இருந்தது. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் தேவலை.

“திங்கக்கிழமை நீங்களும் அந்த ரூம்லதானே இருந்தீங்க?”

“ஆமாங்க.”

உறையை மறுபடி பைக்குள் வைத்தார். விண்ணப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை அப்படியே வைத்துவிட்டார்.

“வேலை போனாப் போகட்டும்னு சொல்ற அளவுக்கு நாம இல்ல. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அந்தம்மா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க.”

“இல்லங்க. சொல்லியிருந்தா இந்நேரம் நமக்குப் போன் வந்திருக்கும். யார்கிட்டயும் சொல்லல.”

ஊசியை மறுபடி எடுத்துப் பித்தானைத் தைத்து முடித்தார். “அப்ப நாளைக்கு நேரத்தோட கிளம்பு,” என்றார்.

மார்ச் 30, திங்கள்

தலைமையாசிரியை கதவைச் சாத்தினார். கோப்புப் பிரதியை மேசைமேல் விரித்து வைத்தேன். இந்த முறை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வரியில் தன் கையெழுத்து வரை படித்தார். முகத்தின் நிறம் மாறியது.

“இதை நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். அந்தம்மாவை நான் கூப்பிட்டுச் சமாதானமாப் பேசுறேன்.”

“அவங்க பொண்ணு தனியா சாப்பிடுறா மேடம். அவங்களைச் சமாதானப்படுத்தினா மத்த வீட்டுக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன் வேலைக்கு நான் பொறுப்பெடுக்க முடியாதும்மா.”

“எடுக்க வேண்டாம் மேடம். தப்பை ஒத்துக்கிட்டு நான் எழுதியிருக்குற இந்தப் புது சர்குலருக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க.”

என் குரல்தானா அது? அரை மணி நேரம் இழுத்தது. பிறகு அவரே பேனாவை எடுத்தார். நான் எழுதித்தந்த வாசகத்தில் ‘அலுவலகத்தின் தவறு’ என்பதை அடித்துவிட்டு, ‘அலுவலகத்தின் தவறும் என் தவறும்’ என்று திருத்தினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஐந்து வரி. பக்கத்தில் மீதியெல்லாம் வெள்ளை. இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி.

இதை மட்டும் எல்லோரும் படித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 1, புதன்

ஓட்டைப்பல்லின் அப்பா வந்தார். எழுந்து நின்றேன். வாடிப்போன பூ இன்னும் ஜாடியில் இருந்தது. தூக்கிப்போட மனம் வராமல் விட்டது, இப்போது பார்க்கக் கூசியது.

“அன்னைக்கு உங்க கை நடுங்கல. அதை மறக்க மாட்டேன்,” என்றார். “இதையும் மறக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுத்துமூலம் எச்சரிக்கை. வேலை இருக்கிறது. சுற்றறிக்கையும் என்னிடமே இருக்கிறது, ஆனால் இனிமேல் அச்சுக்கு முன் பெற்றோரில் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். யார் வருகிறீர்கள் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை.

ஓட்டைப்பல் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். புதுப் பல் முளைக்கிறது என்று வாயைத் திறந்து காட்டினாள். அரிசி அளவுக்கு இருந்தது.

விண்ணப்பம் இழுப்பறையில். தேதியில்லாமல் மேலே அனுப்ப முடியாது. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஏப்ரல் 16, வியாழன்

கயிற்றின் மறுமுனையை இன்று ஓட்டைப்பல் பிடித்துச் சுற்றினாள். ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

அறிவிப்புத் தாள் இன்னும் வெறுமையாக இருந்தது. சுற்றுலாச் சுற்றறிக்கை நாளை அச்சுக்குப் போயாக வேண்டும். மூன்று மணிக்கு, மகளை அழைத்துப்போக வந்த அந்தம்மா அலுவலகத்துக்குள் நுழைந்தார். கையில் பென்சில்.

“குடுங்க,” என்றார்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். அவர் மகள் பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம். நான் எந்த வேலையும் செய்யவில்லை, செய்வதுபோல் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சுற்றுலாவுக்குத் தண்ணி பாட்டில் போடல. திரும்பி வர்ற நேரம் போடல. கடலை வரி மேல இருக்கு, சரி. ஆனா புதுசா வந்தவங்களுக்கு ஏன்னு புரியாது. காரணத்தையும் எழுதுங்க.”

“சரிங்க.”

“எம்பொண்ணு இங்கேயே படிக்கணும்கிறா. அதனால படிச்சுக் குடுக்குறேன். வேற ஒண்ணுமில்ல.”

“புரியுதுங்க.”

அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கழுவித் துடைத்து வைத்திருந்தேன். வாங்கி மகளின் பைக்குள் வைத்தார்.

திருத்தங்களைச் சேர்த்தேன். நான்கு வரி கீழே வழிந்தது. எதை வெட்டுவது என்று கை பழக்கத்தில் தேடியது. அதற்குள் அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் கோப்புக்குத் திரும்பிவிட்டார்.

“ரெண்டாம் பக்கம் போகட்டும்,” என்றார் அந்தம்மா. “நான் திருப்பிப் பாப்பேன்.”

மாதிரிப் பிரதி வந்ததும் இரண்டு பக்கமும் படித்துக் கையெழுத்திட்டார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டார்.