காக்காவுக்குப் பயந்து போட்ட சாவுக் கார்டு

ஆவடி,
2-7-1991

என் பிரியமுள்ள தங்கை தாயம்மாளுக்கு அக்கா வேம்புலியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். பயப்படாமல் உட்கார்ந்து படி.

பேரன் ரகுநாதனுக்கு டாங்கி பேக்டரியில் அப்ரண்டிஸ் கிடைத்துவிட்டது. அத்தனை பேர் பரீட்சை எழுதியதில் இவன் ஒன்பதாவது. பெரிய பேத்தி ஜெகதாம்பாள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், அதுவும் முதல் வகுப்பு. புஷ்பா பத்தாவதில் நானூற்று முப்பத்தொன்று, கணக்கில் மட்டும் தொண்ணூற்றாறு. அஞ்சாவதோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி. ரிசல்ட் வந்தது போன மாதம் பத்தொன்பதாம் தேதி.

தேதியைத் தப்பாக எழுதவில்லை தாயம்மா. புஷ்பா உயிரோடு இருக்கிறாள். ஜூன் ஆறாம் தேதி நான் உனக்குப் போட்ட சாவுக் கார்டு பொய்.

மே மாசக் கடைசியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்துக் காக்காக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு விழுந்தது. பூனை கவ்வுமே என்று புஷ்பா அதை எடுத்துக் கிளையில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் வாசலில் இறங்கினால் போதும், ஒரு காக்கா பறந்து வந்து தலையில் அடிக்கும். பாவாடையை மாற்றிப் பார்த்தாள், குடை பிடித்தாள், விடவில்லை. ஜெகதாம்பாள் அவளுடைய தாவணியையே போட்டுக்கொண்டு போனாள், காக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் மாமியாரு வந்துகினு கீறா, ஓடு" என்று ரகுநாதன் கேலி செய்வான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காக்கா தலையில் அடித்தால் என்ன ஆகும் என்று நம்ம அம்மா சொன்னது உனக்கும் தெரியும். தூரத்திலிருக்கிற சொந்தத்துக்குப் பொய்யாகச் சாவுச் சேதி சொல்லி, அவர்கள் மனசார அழுதால்தான் தோஷம் போகும்.

யார் நிஜமாக அழுவார்கள் என்று யோசித்தேன். அவள் அம்மா டைபாய்டில் கிடந்த வருஷம் முழுக்க புஷ்பா பம்பாயில் உன் மடியில்தானே கிடந்தாள். உன் பேர்தான் வந்தது.

மூன்றாம் நாளே உண்மையை எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி மகன் கன்னியப்பனிடம் கொடுத்தேன். சேர்த்துவிட்டேன் என்றுதான் அவனும் சொன்னான். நேற்று அவன் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். ரசம் ஊறி, பையின் அடியில் ஒட்டிக்கொண்டு அந்தக் கார்டு. என் மகனை நான் இதுவரை அப்படித் திட்டியதில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பாஸ்கரன் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். காக்கா ஆள் முகத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுமாம், உடுப்பை மாற்றினாலும் ஏமாறாதாம். குஞ்சைத் திருட வந்தவள் என்று நினைத்துத்தான் இவளை அடித்ததாம். சனியுமில்லை, சாவுமில்லை. இன்னொன்றும் சொன்னார். அது காக்காக் குஞ்சே இல்லையாம். குயில் வந்து அந்தக் கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போய்விட்டதாம். தான் பெறாத குஞ்சுக்கு ஊட்டி வளர்த்து, அதற்காக ஊரோடு சண்டை போடுமாம் அந்தக் காக்கா. கேட்டதும் எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது. குஞ்சு பறந்து போய்ப் பத்து நாளாகிறது. இப்போது காக்கா யாரையும் அடிப்பதில்லை.

இன்றோடு இருபத்தாறு நாள் தாயம்மா. அந்தக் கார்டைப் பார்த்ததும் நீ ரயிலேறி ஓடி வந்திருப்பாய். வரவில்லை. தந்தி இல்லை, ஒரு வரி இல்லை. உனக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தே எழுதினேன். என் பேத்தி தலையிலிருந்து இறங்கியது வேறெங்கே போய்... வேண்டாம், அதை எழுத மாட்டேன். பாஸ்கரன் சொன்னதைத்தான் நம்புகிறேன், நம்பப் பார்க்கிறேன்.

என் மேல் கோபமிருந்தால் பதில் எழுதாதே. திட்டியும் எழுத வேண்டாம். ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. பழசெல்லாம் என்னிடம் இருக்கிறது, அது வேண்டாம். இந்த மாசம் எடுத்ததாக இருக்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, நீ அதில் இருந்தால் போதும்.

உன் போட்டோவுக்குக் காத்திருக்கும்
அக்கா வேம்புலியம்மாள்