துளசியின் ‘ழ’

வெள்ளிக்கிழமை, இரவு

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவுக்கு.

பல நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் பாடும் போட்டிக்கு, கனடா சார்பில் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். இன்று அஜின்கோர்ட் மண்டபத்தில் என் பதிவு என்று ஒன்றைப் போட்டார்கள். அதில் ‘மழை’ சுத்தமாக வந்தது. எனக்கு எப்போதும் ‘மளை’ என்றுதான் வரும். அது என் சிநேகிதி துளசியின் குரல். போட்டித் தெரிவுக்கு எங்கள் வீட்டில்தான் இருவரும் பாடிப் பதிவு செய்தோம். இரண்டு பதிவுகளையும் அனுப்பியது அம்மா.

“எப்பயடி உனக்கு ‘ழ’ வந்தது?” என்று பக்கத்தில் இருந்த துளசி சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா?

காரில், “அம்மா, உது நான் இல்லை” என்றேன்.

“விசர்க் கதை கதையாதை. மைக்கில அப்பிடித்தான் கேக்கும்.”

சிவப்பு விளக்கில் நின்றபோதும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பதிவுகள் தவறுதலாக மாறியிருந்தால் திரும்பியிருப்பார்.

நாளை எல்லா நாடுகளும் பார்க்க நான் பாட வேண்டும். மாட்டேன். விடிந்ததும் துளசியிடம் போய், நீயே பாடு என்று சொல்லி

அம்மா கதவைத் தட்டுகிறார்