துரை விட்டுப்போன ஆஸ்டின்

12 ஜூன் 1957, புதன்

துரை இன்று காரை ஒர்க்ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். ஆகஸ்டில் சீமைக்குத் திரும்புகிறாராம். விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? ஆறு வருஷமாக இந்த ஆஸ்டினைப் பார்த்துக்கொள்வதே நான்தானே. 1950 மாடல், நான்கு கதவு, நான்கு சிலிண்டர், ஆயிரத்து இருநூறு சி.சி., நாற்பது குதிரைசக்தி. போன வருஷம் இன்ஜினை முழுதாக இறக்கி, ரிங், பேரிங், வால்வு எல்லாம் என் கையால் மாற்றினேன். கிராங்கை மாட்டிச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் ஒரே பலத்தோடு கையைத் தள்ளும். காஜா பெராங் வட்டாரத்தில் இப்படி இன்னொரு இன்ஜின் கிடையாது.

யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "உன் சொந்தக்காரர்தான், கருணாகரன். உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது.

13 ஜூன், வியாழன்

கருணாகரன் என் சகலை. என் மனைவி பாக்கியத்தின் தங்கை மல்லிகாவைக் கட்டியவன், என்னைவிட ஏழு வயது இளையவன். துரையின் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரர்கள் கிளம்பியதும் துரையின் நாற்காலி அவனுக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. நாற்காலி போகட்டும். எனக்கு அதற்குப் படிப்பில்லை. ஆனால் காரும் அவனுக்கா? கியரைக் கறகறவென்று அரைப்பவன். ரேடியேட்டருக்கும் பெட்ரோல் டேங்க்குக்கும் வித்தியாசம் தெரியுமா அவனுக்கு?

சாப்பாட்டு வேளையில் ஜெயா, "அப்பா, சித்தப்பா கார் வாங்கினா நம்மள போர்ட்டிக்சன் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

நான் பதினெட்டு வருஷமாக சைக்கிள் மிதிக்கிறேன். அதில் போர்ட்டிக்சன் போக முடியாது.

15 ஜூன், சனி

கருணாகரன் ஒர்க்ஷாப்புக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "அண்ணே, எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா வாங்குறேன், வேணாம்னு சொன்னா விட்டுடறேன். நாளைக்கு ஓட்டிப் பாக்கலாமா?"

சரி என்றேன். அவன் போகும்போது பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். மாட்டைத் தட்டுவது மாதிரி. ஏன் இப்படி எரிகிறது? அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்?

ஒன்றுமில்லை. அதுதான் எரிகிறது.

16 ஜூன், ஞாயிறு

இதை எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

அவன் வருவதற்கு அரைமணி முன்னால் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி ஒரு நூல் அளவு திருப்பிவைத்தேன். அவ்வளவுதான். சிலிண்டருக்குள் நெருப்புப் பொறி விழ வேண்டிய நேரத்துக்கு முன்பே விழும். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறினால் எந்த நல்ல இன்ஜினும் இடிக்கும்.

புக்கிட் பாரு மேட்டுக்கு அவனையே ஓட்டச் சொன்னேன். பாதி மேட்டில் கிணுகிணுவென்று இடிக்க ஆரம்பித்தது.

"என்னண்ணே சத்தம்?"

"பேரிங்."

"ரொம்ப மோசமா?"

"ஆறு மாசம் தாங்கும். அப்புறம் நடுரோட்டுல உக்காந்துடும்."

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி மேட்டைப் பார்த்தான். பிறகு, "நல்லவேளை, நீங்க இருந்தீங்க. இல்லாட்டி ஏமாந்திருப்பேன்" என்றான்.

அவன் போனதும் திருகைத் தளர்த்திப் பழைய இடத்துக்கே திருப்பினேன். அந்த இன்ஜினை அப்படி விட மனம் வரவில்லை. அதன்மேல் இரக்கம் வந்தது. அவன்மேல் வரவில்லை.

17 ஜூன், திங்கள்

நிம்மதி. நல்ல பசி.

20 ஜூன், வியாழன்

செமாபோக்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சேதுராமன் காரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். துரை சொல்லியனுப்பினார். வேறு யாரோ ஒருவர் வாங்கட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. பார்த்தாயா அப்பாசாமி, உன் புத்தியை? செமாபோக் சேதுராமன் வாங்கினால் வருத்தமில்லை. சொந்தக்காரன் வாங்கினால் மட்டும் தாங்கவில்லை.

21 ஜூன், வெள்ளி

பாக்கியம் பகலில் குருபோங் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன். சாதத்தைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மல்லிகா முழுகாம இருக்கா. மூணு மாசம். இந்தத் தடவ யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தாங்க."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"போன தடவ என்னாச்சுன்னு தெரியுமில்ல? மத்தியானமே வலி எடுத்திடுச்சு. அந்தக் கம்பத்துல, அந்தக் குக்கிராமத்துல, டாக்சி ஏது? அவரு சைக்கிள எடுத்துக்கிட்டு டவுன் வரைக்கும் ஓடி, டாக்சியோட திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. அதுக்குத்தான் கார் கார்னு பறந்தாரு. நீங்க இன்ஜின் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமே. மல்லிகா சொல்லுறா, நல்லவேளக்கா, அத்தான் பாத்துச் சொன்னாரு, நடுரோட்டுல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு."

கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். பாக்கியம், "ஏன், சோறு அப்படியே இருக்கு?" என்றாள்.

அவன் காருக்கு ஆசைப்பட்டது பகட்டுக்கு என்று நினைத்தேன். துரை மாதிரி தானும் ஆபீஸ் வாசலில் இறங்க என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

22 ஜூன், சனி

ஒர்க்ஷாப்பில் மூன்று தடவை ஸ்பேனரைக் கீழே போட்டேன். ஒர்க்ஷாப் முதலாளி தவுக்கே என் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

பேரிங் அவ்வளவு மோசமில்லை, நான் தவறாகக் கணித்துவிட்டேன் என்று கருணாகரனிடம் சொல்லலாமா? சொன்னால் மானம் தப்பும். பதினெட்டு வருஷ அனுபவக்காரன் ஒரு தடவை தப்பாகச் சொன்னான் என்று போகும். அதுவும் பொய்தான். ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய்.

சேதுராமன் நாளை சாயந்திரம் வருகிறார். காலையிலேயே கருணாகரன் வீட்டுக்குப் போக வேண்டும்.

23 ஜூன், ஞாயிறு

போனேன். குருபோங் வரை சைக்கிளில். நடுவழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன்.

கருணாகரன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "அடடே, வாங்கண்ணே. மல்லிகா, அத்தான் வந்திருக்காங்க, டீ போடு" என்று எழுந்தான். நான் உட்காரவில்லை.

"தம்பி, அந்தக் காருக்கு ஒண்ணுமே இல்ல. பேரிங் நல்லாத்தான் இருக்கு. நான்தான் டைமிங்க திருப்பி வெச்சேன்."

"எதத் திருப்பி வெச்சீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. அதுதான் பெரிய தண்டனை. டிஸ்ட்ரிபியூட்டர் எது, அது என்ன செய்யும், ஒரு நூல் திருப்பினால் மேட்டில் ஏன் இடிக்கும் என்று நான் செய்த திருட்டுத்தனத்தை ஒவ்வொன்றாகக் கையை ஆட்டி விளக்க வேண்டியிருந்தது. பாடம் நடத்துகிறவன் மாதிரி. புரியப்புரிய அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஏன்?"

"அது உங்க கைக்குப் போறத என்னால பாக்க முடியல."

"நான் உங்களத்தானேண்ணே நம்பினேன்?"

மல்லிகாவின் விஷயம் தெரியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. தெரியாமலிருந்தால் செய்தது சரியாகிவிடுமா? "இன்னைக்கே போய் வாங்கிடுங்க. சாயந்திரம் வேற ஆள் வராங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவன் உள்ளே திரும்பி, "மல்லிகா, டீ வேண்டாம். அண்ணன் கிளம்புறாங்க" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

26 ஜூன், புதன்

வாங்கிவிட்டான். பாக்கியத்துக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தட்டை வைக்கிறாள், போகிறாள். பேச்சில்லை.

14 ஜூலை, ஞாயிறு

பாக்கியம் இன்று பேசினாள். "உப்பு போதுமா?" என்று.

3 ஆகஸ்ட், சனி

கருணாகரன் காரைப் பண்டார் ஹிலிரில் வேறொரு ஒர்க்ஷாப்பில் விடுகிறான். அங்கே ஃபிட்டர் கலியாணசுந்தரம், இருபத்தைந்து வயதுக்காரன். அந்த பானெட்டை அவன் திறக்கிறான். நான் போட்ட வால்வுகளை அவன் தொடுகிறான். ஒரு நியாயமும் இல்லை, தெரியும். இருந்தாலும் எரிகிறது. முன்பு கருணாகரன்மேல் எரிந்தது. இப்போது முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பையன்மேல். இந்தப் புத்தி சாகும்வரை போகாதா?

காஜா பெராங் சடக்கில், ஒர்க்ஷாப் முன்னால் ஓடும் ரோட்டில், நாளுக்கு நூறு கார் போகும். அந்த ஆஸ்டினின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திர நாள். பாக்கியத்தையும் ஜெயாவையும் கருணாகரன் காரில் வந்து அழைத்துப்போனான். வாசலில் ஹார்ன் அடித்தான், இறங்கவில்லை. நான் சைக்கிளில் போய்த் திடலின் மறுகோடியில் கூட்டத்தோடு நின்றேன். கொடி ஏறியதும் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கண் என்னவோ மரத்தடியில் நின்ற காரிலேயே இருந்தது. அதன் மட்கார்டில் காகிதக் கொடி ஒட்டியிருந்தார்கள். ஜெயா அதன்மேல் சாய்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெரியாத ஒரு அப்பன்.

18 நவம்பர், திங்கள்

கருணாகரன் வீட்டார் காரிலேயே கோலாலம்பூர் போய்த் திரும்பிவிட்டார்களாம். ஜெயா சொன்னாள். வழியில் ஒரு தடவைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை, நிற்கவில்லை.

நிற்காது. நான் கட்டிய இன்ஜின்.

9 ஜனவரி 1958, வியாழன்

மூன்று நாளாக அடைமழை. காலை பதினொரு மணிக்கு மல்லிகாவுக்கு வலி எடுத்ததாம். குருபோங் சடக்கில் தண்ணீர் ஏறி நின்றது, பஸ் ஓடவில்லை. கருணாகரன் ஒரே கியரில் மெதுவாகத் தண்ணீருக்குள் ஓட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினானாம். இரண்டு மணிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

பாக்கியம் நனைந்தபடி ஒர்க்ஷாப்புக்கே வந்து சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டார்ட் ஒரே தடவையில புடிச்சுதா?"

முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஒரே தடவையிலதான்" என்றாள். எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தவுக்கே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நடுவழியிலிருந்து திரும்பியிருந்தால்? அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குக் கார் நம் வீட்டு வாசலில் நின்றது. பாக்கியம் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மல்லிகா, "நல்லாருக்கீங்களா அத்தான்?" என்று கேட்டுவிட்டு அக்காவோடு உள்ளே போய்விட்டாள். கருணாகரன் மட்டும் காரருகே நின்றான்.

"வெள்ளத்துல போனதிலேர்ந்து எண்ணெய் கொஞ்சம் கசியுது. அங்க ரெண்டு தடவ காட்டியாச்சு, நிக்கல. பாக்குறீங்களா?"

"பாக்குறேன் தம்பி."

சாவியை என் கையில் கொடுத்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த பானெட்டைத் திறந்தேன். உள்ளே சுத்தமாக வைத்திருந்தார்கள். கலியாணசுந்தரம் நல்ல வேலைக்காரன்தான். ஒத்துக்கொள்ள வலிக்கிறது, ஆனாலும் நல்ல வேலைக்காரன்.

கருணாகரன் வீட்டுக்குள் போகவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்துவந்து காரின் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தான். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியதும் அவன் கண்ணில் காட்டினேன். இது எது, எதற்கு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னேன். மாட்டுவதற்கு முன்னும் காட்டினேன். அவன் தலையாட்டினான், சில இடங்களில் திருப்பிக் கேட்டான். மத்தியானம்வரை ஆயிற்று. அவன் எழுந்திருக்கவேயில்லை.

பாக்கியம் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். ஒன்றை அவன் எடுத்துக்கொண்டான்.