தங்கள் கீழ்ப்படிந்துள்ள அப்பா

மூக்கண்டப்பள்ளி,
12.11.1999

அன்பு மகள் காவேரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், வெளியே தூறல், கம்பெனிக் கூரைகளெல்லாம் மேகத்துக்குள் போய்விட்டன, எதிர்வீட்டுக் கெம்பம்மா கன்னடத்தில் யாரையோ கூப்பிடுவதுகூட தூரத்து ரேடியோ போலக் கேட்கிறது.

போன மாதம் சிநேகிதிக்கு எழுதுகிற மாதிரியே புரொபசருக்கும் ஈமெயிலில், ரிப்போர்ட் நாளைக்குத் தரேன் சார், ஓகேவா என்று எழுதிவிட்டாய், இனி உனக்கு நான் கைடு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார், படிப்பே வேணாம்ப்பா, வந்துடறேன் என்று போனில் அழுததோடு நீ பேச்சையே நிறுத்திக்கொண்டாய். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற பெண் ஜெபசீலி, சொல்லுங்கண்ணா அடிச்சுத் தரேன் என்றது, நானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடிதம் கம்பெனி லீவ் லெட்டர் ஒன்றுதானே. மதிப்பிற்குரிய மகளே, தங்கள் தாயார் சாப்பிடவில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், தாங்கள் வந்தாலும் சரி படித்தாலும் சரி, தகவல் தர வேண்டுகிறேன், தங்கள் கீழ்ப்படிந்துள்ள ராமப்பன். அனுப்பிவிட்டு மழையில் நடந்தேன். நீ ஏறிப்போன ரயில் ராத்திரி பகலாக ஓடுகிறது, இந்த ஈமெயிலோ எந்த ஊரிலும் நிற்காமல் இந்நேரம் உன் பக்கத்தில் போய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்ததில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

உன் பதிலைப் பார்க்க சென்டருக்குப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாய், ஜெபசீலிதான் படித்தது. லேப்ல உக்காந்து சிரிச்சேன்ப்பா, அப்புறம் அழுதுட்டேன், அந்த மாதிரியே சாருக்கு எழுதி மன்னிப்பு கேட்டேன், திங்கக்கிழமையிலிருந்து வரச் சொல்லிட்டாருப்பா என்று. அம்மா, இன்னொருக்கா படி கண்ணு, அவ பேசறாப்பலயே இருக்குது என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சாருக்கு மரியாதையாக எழுது, எங்களுக்கு வாயில் வருகிறபடியே எழுது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்டருக்குப் போக அம்மா தலைவாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொள்கிறாள். அந்தப் பெட்டி வழியாக நீ அவளைப் பார்ப்பாய் என்று நினைக்கிறாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள், பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
ராமப்பன்