வெந்தோரின் எட்டில் ஒரு பங்கு

ஜூன் 3, 2025, செவ்வாய்

மகள் துர்காவிடமிருந்து போன். பெங்களூரில் அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து செய்துவரும் மேசைப் போர் விளையாட்டு ஆகஸ்டில் சென்னைக் கண்காட்சிக்குப் போகிறது. தூரத்துக் கிரகங்கள், நான்கு படைகள், பகடை உருட்டி நகர்த்தும் விரல் உயரப் பொம்மைகள். மூன்று படைகள் பிளாஸ்டிக்கில் தயார். நான்காவது, சாமிக்காகச் சண்டை போடும் படை. அதைப் பீங்கானில், எங்கள் கம்பெனியில் செய்ய வேண்டுமாம். போகட்டும், அது எங்கள் தொழில். அந்தப் படையின் வரலாறு, வேதம், சபதம் எல்லாவற்றையும் நான் எழுத வேண்டுமாம்!

“நான் சாமியே கும்பிடறதில்லையேடி.”

“அதுக்குத்தாம்மா கேக்கறேன். கும்பிடறவங்க எழுதுனா பஜனை மாதிரி வருது. நீ கெமிஸ்ட்ரி மாதிரி எழுது.”

சரி என்றுவிட்டேன். அவள் வேலையை விட்டபோது ஆறு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காகவா?

ஜூன் 7, சனி

பெயர் கிடைத்துவிட்டது: வெந்தோர்.

அணையப்போகும் ஒரு சூரியனைச் சுற்றிவரும் கப்பல்தான் அவர்கள் கோயில். கப்பல் முழுக்க ஒரே சூளை. மனிதன் பச்சை மண், மழை பட்டால் கரைந்துபோவான். நெருப்புக்குள் போய் வந்தவனே ஆள். உள்ளே போகுமுன் ஒவ்வொருவரும் தன் கை செய்த தவறைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் உள்ளே வெடித்துச் சிதறுவார்கள்.

இதில் பக்தி ஒன்றும் இல்லை. மண்ணில் ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும், அண்ணாமலையில் எம்.எஸ்ஸி. முடித்து இங்கே சோதனைக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். துர்கா படித்துவிட்டு, “ம்மா, சிலிர்த்துடுச்சு” என்றாள். களிமண் பாடத்துக்கே சிலிர்க்கிறது. மதங்கள் எல்லாம் இப்படித்தான் கிளம்பியிருக்கும்.

ஜூன் 9, திங்கள்

பொம்மைக்கான அளவுச் சீட்டை அச்சு அறைக்கு அனுப்பினேன். உயரம் 35 மி.மீ. ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்க நேரமில்லை. அடுத்த மாதத்திலிருந்து சூளை முழுக்க மின்கம்பத்து இன்சுலேட்டருக்கு.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். வேதம் மூன்று பக்கம்.

ஜூன் 21, சனி

சூளை திறந்தது. நானூறு பொம்மைகள். நல்ல வெண்மை, வளைவு இல்லை, விரிசல் இல்லை. துர்கா அளவுக்காக அனுப்பியிருந்த பிளாஸ்டிக் வீரனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஆள் அவன் தாடை வரைதான் வந்தான். அளந்தேன். 31.

சூளையில் சரக்கு ஏற்றும் காசியம்மாள் எட்டிப் பார்த்து, “என்னா மேடம், அண்ணனும் தம்பியுமா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி பழமலைநாதன் நேரே அச்சு எடுக்கும் சிங்காரவேலிடம் போனார். “பன்னண்டு வருசமா அச்சு எடுக்கிற. வெந்தா மண்ணு சுருங்கும்னு ஒனக்குத் தெரியாதாய்யா?”

“சீட்டுல இருந்தபடிதாங்க எடுத்தேன்.”

“மேடம் முப்பத்தஞ்சுன்னுதான எழுதினாங்க?”

என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். உண்மைதானே. திங்கள்கிழமையிலிருந்து சிங்காரவேல் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மதியம் ஃபைலைத் திறந்தேன். வேலை முடிந்ததும் சீட்டு எனக்குத் திரும்பி வந்துவிடும். 35 என்பது நீல மையில் இருந்தது.

வெந்தபின் வர வேண்டிய அளவு சிவப்பில். அதற்கு அச்சுக்காரர் சுருக்கத்தைச் சேர்த்துக்கொள்வார். பச்சை மண்ணின் அளவு நீலத்தில். அதை அப்படியே எடுப்பார். இந்த விதியைப் பத்து வருடத்துக்கு முன் போட்டவள் நான்தான். இந்தச் சீட்டை எழுதிய அன்று சிவப்புப் பேனா எழுதவில்லை. நினைவிருக்கிறது. உதறிப் பார்த்துவிட்டு நீலத்தை எடுத்தேன்.

அவர் என் விதியைச் சரியாகப் படித்திருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

துர்கா போனில் அழுதாள். மூன்று படைகளும் ஒரே உயரம், இது மட்டும் குள்ளம். தோழிகள் நான்காவது படையையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். மறுபடி செய்யச் சூளை இல்லை.

“எங்கேம்மா தப்பு நடந்துச்சு?”

“அச்சுல” என்றேன்.

அச்சுல.

ஜூன் 24, செவ்வாய்

குள்ளமாக இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். எழுதினேன்:

“நெருப்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் எவரையும் திருப்பித் தருவதில்லை. எட்டில் ஒரு பங்கு கடவுளுக்கு. நம் உடலில் குறைந்தது எதுவோ அது அவரிடம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பச்சைகளைப் பார்த்து அஞ்சாதே. அவர்களிடமிருந்து இன்னும் எதுவும் கேட்கப்படவில்லை.”

முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கோயில் கோபுரம் ஏன் சாய்ந்திருக்கிறது என்று தலபுராணம் சொன்னால் சிரிப்பவள் நான்.

ஜூன் 25, புதன்

படை தப்பித்தது. தோழிகள் இரண்டு பேருக்கும் மிகவும் பிடித்துவிட்டதாம்; இனி இதுதான் முக்கியப் படையாம். “தப்பு பண்ணவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லும்மா” என்றாள் துர்கா.

இப்போது நடந்தது தவறே இல்லை என்று ஆகிவிட்டது. தவறே இல்லையென்றால் யார் செய்தார்கள் என்ற கேள்வி எதற்கு? எல்லோருக்கும் நல்லதுதானே நடந்திருக்கிறது?

எல்லோருக்கும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

டீ நேரத்தில் சிங்காரவேல் வந்தார். சட்டையெல்லாம் வைக்கோல்.

“மேடம், அந்தச் சீட்ட ஒருக்கா பாத்தீங்களா? நான் நீலத்துல பாத்தாப்பல இருக்குது.”

“தேடணும்” என்றேன்.

“சரிங்க.”

தேடணும்! மேல் டிராயரில், என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அவர் நம்பிப் போனாரா, நம்பாமல் போனாரா? ‘சரிங்க’ என்பதை வைத்து எப்படிச் சொல்வது?

ஜூன் 28, சனி

துர்கா விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தை அனுப்பினாள். வெள்ளைத் தாளில் ஒரே வரி, பெரிய எழுத்தில்: “என் கை செய்த தவறை, கதவு மூடுமுன் என் வாய் சொல்லும்.” கீழே: எழுத்து, பானுமதி.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். “ஏம்மா?” என்றாள். வேறு பேச்சுக்குப் போனேன்.

ஜூன் 30, திங்கள்

இன்சுலேட்டர் ஏற்றி முடித்தார்கள். கதவு மூடுமுன் காசியம்மாள் கற்பூரம் ஏற்றுவாள். முதலாளி முதல் பேக்கிங் ஆட்கள் வரை எல்லோரும் வந்து நிற்பார்கள். நான் மட்டும் கேஸ் மீட்டர் பக்கம் நின்றுகொள்வது வழக்கம். இன்று கதவருகே போனேன், சீட்டோடு.

“முப்பத்தஞ்ச நான் நீலத்துல எழுதிட்டேன். சிங்காரவேல் மேல தப்பு இல்ல. இது சூளை தொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல.”

முதலாளி சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நீங்களே இப்பிடிப் பண்ணா எப்பிடிங்க?” அதை இரண்டு தடவை சொன்னார்.

“கற்பூரம் அணையப் போவுது. கும்புட்டுட்டு அப்பறம் பேசுங்க” என்றாள் காசியம்மாள்.

கும்பிட்டார்கள். நான் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

சிங்காரவேல் நாளை முதல் அச்சு அறைக்கு. இனி என் சீட்டில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தவறு.

ஜூலை 1, செவ்வாய்

துர்காவிடம் சொன்னேன்.

“நீயா?”

“நான்தான்.”

“அவர் நம்பர் குடும்மா. நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

சிங்காரவேல் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சென்னைக் கண்காட்சி. நெரிசல், ஏசி போதவில்லை. வெந்தோர் மேசையில் கனிஷ்கா என்ற கல்லூரிப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

“இவங்க மட்டும் ஏம்மா குள்ளமா இருக்காங்க?” என்றேன்.

“குள்ளம் இல்ல ஆன்ட்டி, குறைஞ்சிருக்காங்க. அந்தப் பங்க சாமி எடுத்துக்கிச்சு. எவ்ளோ சின்னதோ அவ்ளோ பழைய ஆளு.”

“சூளையில வெச்சா எந்த மண்ணும் சுருங்கும்மா.”

“அது சயின்ஸ் ஆன்ட்டி” என்றாள் மிகப் பொறுமையாக. “இது உங்களுக்குச் சொன்னா புரியாது.”

‘எவ்வளவு சின்னதோ அவ்வளவு பழைய ஆள்’ என்று நான் எழுதவே இல்லை. கேட்டபோது, அது ஆடுபவர்களாகச் சேர்த்துக்கொண்டது என்று துர்கா சொன்னாள். புத்தகத்தில் என் பெயரை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் ‘அச்சு, சிங்காரவேல்’ என்று சேர்த்திருந்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்னும் அறுநூறு பொம்மைகள் வேண்டுமாம். சரியான உயரத்துக்கு மாற்றித்தரட்டுமா என்று துர்காவிடம் கேட்டேன். “ஐயோ, ஒரு மில்லி மாறுனாலும் ஆளுங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

சீட்டை நானே அச்சு அறைக்குக் கொண்டுபோனேன். சிவப்பில் 31 என்று எழுதியிருந்தேன். சிங்காரவேல் வாங்கிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் என்னிடமே நீட்டினார்.

“நீலத்துலயும் எழுதிடுங்க மேடம். ரெண்டும் இருக்கட்டும்.”

அவர் மேசையிலேயே குனிந்து எழுதினேன். நீலத்தில், 35.

அவர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். “இப்ப சரியா இருக்குதுங்க” என்று கையெழுத்துப் போட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, தலை குனிந்திருந்தது.