வலது கட்டைவிரல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் நலம்தான் பிடிபடவில்லை. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். விரல் பேச்சை எடுத்தாலே "டவர் கிடைக்கல"ன்னு நழுவுகிறீர்களே, காகிதத்துக்கு டவர் வேண்டாம்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வாசல் கதவு தரையில் உரசுகிறது. வேறு தச்சரைக் கூப்பிட மனசு வரவில்லை, நீங்கள் வந்து இழையுங்கள்.

தச்சர் வீட்டில் நகம் கறுப்பது ஒரு செய்தியா? உங்கள் அப்பாவுக்கும் இருந்தது, அண்ணனுக்கும் இருக்கிறது. "சுத்தியல் பட்டது, தானா போயிடும்" என்றீர்கள், நானும் நம்பினேன். போன வாரம் வீடியோவில் உங்களைப் பார்த்த பாப்பா, "அப்பா அந்தக் கையிலதானே சுத்தியல் பிடிப்பாரு, அதுலயே எப்படிம்மா அடி விழும்?" என்று கேட்டாள்.

உங்கள் படங்களை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளரக் கறுப்பும் நுனிக்கு நகர்ந்துவிடுமாம். உங்களுடையது சில மாதம் முன்பு பள்ளிக்கூடம் திறந்தபோது எடுத்த படத்திலும் வேரிலிருந்து கோடாக நிற்கிறது. இப்போது அகலமாகி, நகத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு ஏறியிருக்கிறது. எல்லாக் கோடும் கெட்டதில்லையாம். ஆனால் இதைக் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதித்தே ஆக வேண்டுமாம். புற்று என்ற சொல்லைத் தயங்கித்தான் சொன்னார். "படத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். கடல் தாண்டி இருக்கிற ஆளை நான் எந்த ஆட்டோவில் ஏற்றுவேன்?

நீங்கள் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவதை உங்கள் அறைக்காரர் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். உங்கள் பயம் எனக்குத் தெரியும். விரலை எடுத்துவிட்டால் சுத்தியலை எதனால் பிடிப்பது என்பதுதானே? அடுப்படியில் நின்று அழுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை மடித்து வைத்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கதவு உரசிக்கொண்டே கிடக்கட்டும், நீங்கள் இழைக்கவே வேண்டாம். விரல் இல்லாமல் வந்தாலும் சரி, வந்து அதைத் தள்ளித் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும்
உங்கள் மனைவி