இரண்டாவது எண்ணிக்கை

மார்ச் 4, திங்கள்

இன்று காலை என் மனநிலை பத்துக்கு எத்தனை? தெரியவில்லை.

நூறு விதையில் எத்தனை முளைக்கும் என்று கேட்டால் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக விதைப் பரிசோதனைக் கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனநிலைக்கு அலகு என்ன? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தோணுறதைப் போடுங்க" என்றார். தோன்றுவதை எழுதும் வழக்கம் எங்கள் கூடத்தில் கிடையாது.

கீழ்த்தட்டிலிருந்து, விதைகளை வைத்துச் சுருட்டிய ஈரத்தாள் சுருளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, முளைப்பு அலமாரியின் திறந்த இரும்புக் கதவு மண்டையில் இடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூளை அதிர்வு, ஓய்வுதான் மருந்து. திரை பார்க்கக் கூடாது. எழுதுவது பத்துப் பதினைந்து நிமிடம். காலையும் மாலையும் ஒரு எண். தொடர்ந்து ஏழு நாள் ஏழுக்குக் குறையாமல் வந்தால் வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசலாமாம்.

மார்ச் 5, செவ்வாய்

ஒருவர் மட்டும் எண்ணினால் அது எண்ணிக்கையே அல்ல. கூடத்தில் ஒவ்வொரு சுருளையும் இரண்டு பேர் எண்ணுவோம், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். வித்தியாசம் அளவை மீறினால் மறுபடி எண்ண வேண்டும்.

ஆகவே இரண்டாவது ஆளாக என் கணவரை நியமித்தேன். "உன் மூடுக்கு நான் மார்க் போடணுமா? எனக்கு வேற வினையே வேண்டாம்" என்றார். பள்ளியில் புவியியல் நடத்துகிறார். பாஸுக்கு இரண்டு மார்க் குறைந்தால் விடைத்தாளைப் புரட்டிப் புரட்டி எங்கிருந்தாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிற வாத்தியார். கறாராகப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என் தாள் சமையலறை இழுப்பறையில். அவர் தாள் அவர் பையில். மாலைக் காபிக்குப் பிறகு ஒப்பிடுவது.

மார்ச் 8, வெள்ளி

காலை: நான் 7, அவர் 7.
மாலை: நான் 7, அவர் 4.

"நாலா? எந்த அடிப்படையில?"

"டப்பா மூடியைத் தூக்கி எறிஞ்ச அடிப்படையில."

எறியவில்லை. கை தவறியது.

சமையலறையில் கை தவறிய மூடி ஹால் சோபாவுக்கடியில் எப்படிப் போகும்?

மார்ச் 9, சனி

அவர் போட்ட அந்த 4 இன்று முழுக்க உறுத்தியது. சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுதேன். நான் அழுற ஆளே இல்லையே. குழாய்ல தண்ணி விழுற சத்தம் கூடத் தாங்கல. என்ன ஆச்சு எனக்கு — மண்டைக்குள்ள வேற யாரோ வந்து குடியேறின மாதிரி.

நான் 5. அவர் 3.

மார்ச் 12, செவ்வாய்

நல்ல நாள். காலையில் பை இல்லாமல், குடை இல்லாமல், அவசரம் இல்லாமல் தெருமுனை வரை நடந்தேன். வேலைக்குப் போன இத்தனை வருடத்தில், மாடி வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு நடந்தே போகிறார் என்பது எனக்குத் தெரியாது.

நீண்ட நேரம் படிக்க முடியாததால் மாலையில் இவர் விடைத்தாள் திருத்துவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். 'பூமி ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?' ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: 'நின்றால் யாராவது வேலை சொல்லிவிடுவார்கள்.' அரை மார்க் போட்டார். "எதுக்கு அரை?" என்றேன். "அனுபவம் பேசுது, விட முடியுமா?" சிரித்தால் தலை வலிக்கிறது. இருந்தாலும் சிரித்தேன்.

இருவரும் 8.

மார்ச் 15, வெள்ளி

காலை 8, 8. மாலை 7, 7.

மார்ச் 18, திங்கள்

ஏழு நாள் ஆகிவிட்டது. பதினான்கு எண்கள், பதினான்கும் பொருத்தம், ஒன்றுகூட ஏழுக்குக் கீழே இல்லை. கூடத்திலிருந்து, என்னோடு வேலை பார்க்கும் இளையவள் போனில் இரண்டு நிமிடம் பேசினாள். "எப்பக்கா வர்றீங்க? உங்களுக்குப் பதிலா நம்ம பெரிய ஆபீசரே எண்ண வர்றாரு. செத்த விதைக்குக்கூட இன்னொரு நாள் டைம் குடுக்கலாமேங்கறாரு." அடுத்த திங்கள் டாக்டரிடம் போய்விட்டு வந்துவிடுவேன் என்றேன். அந்த வாசனை, ஈரத்தாளும் மண்ணும் கலந்த வாசனை, போனிலேயே வந்த மாதிரி இருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

பதினான்கும் பொருத்தமா?

இரண்டு ஒழுங்கான ஆட்கள் ஒரே சுருளை எண்ணினாலே ஒன்றிரண்டு வேறுபடும். பதினான்கு சுருள் இம்மி பிசகாமல் ஒத்துவந்தால் யாரோ யாருடைய தாளையோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்வேன்.

மார்ச் 20, புதன்

அருமையான காலை. நன்றாகத் தூங்கி எழுந்தேன், தலைவலி இல்லை. தாளில் 2 என்று போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

வெளியே வந்தால், பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இவர் பூனை நடப்பதுபோல் நடக்கிறார். "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்கிறார். பள்ளிக்கு லீவு சொல்லட்டுமா என்று கேட்டார்.

மாலை அவர் தாளை வாங்கிப் பார்த்தேன். காலை: 2.

"என்னங்க, காலையில நான் பாடிக்கிட்டே குளிச்சேன். கேக்கலையா?"

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "கேட்டுது. அதான் ரொம்ப பயந்துட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது.

"நான் நாலு போட்டா, மறுநாள் நீ நாலாவே ஆயிடறே. அதான் உன் தாளைப் பாத்துப் போட ஆரம்பிச்சேன். வேணும்னு பண்ணல" என்றார். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார், ஒன்பது நாள்.

மார்ச் 22, வெள்ளி

பொருந்திய தாள் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் வேலை. இவர் வாய் திறக்க மாட்டார். நான் போட்ட எண்களும் பொய் இல்லை, அந்த 2 ஒன்றைத் தவிர.

ஆனால் மூடியை எறிந்த அன்றும் நான் ஏழுதான் போட்டேன். அதுவும் பொய் இல்லை என்றுதானே நினைத்தேன்? இந்தத் தலையோடு போய், முளைக்காததை முளைத்தது என்று எழுதிவிட்டால்? அதை நம்பி ஒருவர் வயலில் விதைப்பார்.

மார்ச் 25, திங்கள்

எல்லாத் தாள்களையும் கொடுத்து, பன்னிரண்டாம் தேதியிலிருந்து இரண்டாவது எண்ணிக்கை செல்லாது என்று சொன்னேன். இவர் வகுப்பில் பிடிபட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "சார், காப்பியடிச்சீங்களா?" என்றார் டாக்டரம்மா. "ஆமாங்க."

பிறகு டாக்டரம்மா முதல் வாரத்துத் தாள்களைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இதுல பாருங்க. காலையில ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு. சாயங்காலம்தான் அவர் குறைக்கிறார், உங்களுக்கு அது தெரியவே இல்ல. பொருந்தாததுதான் எனக்கு உதவுது." தலைவலி, தூக்கம், வெளிச்சம் எல்லாம் விசாரித்தார். கண்ணைச் சோதித்தார். நாளைக் காலை ஒரு மணி நேரம் கூடத்துக்குப் போகலாம், ஒரே ஒரு சுருள். வந்ததும் படுக்க வேண்டும்.

இழுப்பறைக்குப் பூட்டு வாங்கலாமா என்று வழியில் இவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இந்தத் தலையை நம்பலாமா என்பது நாளை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 26, செவ்வாய்

ஒன்பது மணிக்குப் போனேன். அலமாரிக் கதவின் விளிம்பில் இளையவள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தாள். ஒரு சுருள் மக்காச்சோளம், நூறு விதை. எண்ண முப்பது நிமிடம் ஆனது, முன்பு பதினைந்து.

நான் 91. அவள் 88.

"மறுபடி எண்ணணுமாக்கா?"

"வேண்டாம். அளவுக்குள்ளதான் இருக்கு."

அந்த மூன்றை மட்டும் இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வேர் குட்டை. அவளுக்கு அது குறை, எனக்கு அது நிதானம். முடிவாகவில்லை. பத்து மணிக்குக் கிளம்பினேன். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

மாலை: நான் 8. அவர் 6.

"ரெண்டு எங்க போச்சு?"

"அந்த மூணு வேரைப் பத்தி நாலு தடவை சொல்லிட்டே. நாலாவது தடவை என்மேல கோவமாவே சொன்னே."

அவரை மறுபடி எண்ணச் சொல்லவில்லை.